கனவென்று அறிந்த கனவு
தெளிகனவுப் பயிற்சியும் இஸ்லாமிய மரபும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) தம் அறிவுப் பயணத்தை விவரித்து எழுதிய 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் நூலில், தம்மை ஏறத்தாழ இரண்டு மாத காலம் வாட்டிய ஓர் ஐயத்தைப் பற்றிக் கூறுகிறார்கள். ஐம்புலன்கள் காட்டுவதைப் பகுத்தறிவு திருத்துகிறது. அப்பகுத்தறிவையும் திருத்தவல்ல மேலான ஒரு நிலை இருக்கலாகாதா என்பதே அந்த ஐயம். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று கனவு. உறக்கத்தில் நாம் பலவற்றைக் காண்கிறோம். அவை உண்மையே என்பதில் அப்போது நமக்குச் சிறிதும் ஐயம் எழுவதில்லை. விழித்த பின்னரே அவற்றிற்கு அடிப்படை ஏதுமில்லை என அறிகிறோம். அவ்வாறாயின், இப்போதைய விழிப்பும் வேறொரு விழிப்பை நோக்க ஓர் உறக்கமே அன்று என்பதற்கு என்ன உறுதி?

கனவு காண்பவன் தான் காண்பது கனவென்று அறியமாட்டான் என்பது இவ்வாதத்தின் அடித்தளம். பெரும்பாலான மனிதருக்குப் பெரும்பாலான இரவுகளில் இது முற்றிலும் பொருந்தும். எனினும், உறக்கம் கலையாமலேயே, கனவுக் காட்சி மறையாமலேயே, 'இது கனவு' என்று அறிவு சொல்லும் அரிய கணங்களும் மனித அனுபவத்தில் உண்டு. அந்நிலை யாது, தொடக்கநிலையில் உள்ள ஒருவர் அதை எவ்வாறு பயில்கிறார், ஒரு முஸ்லிம் அதனை எந்த இடத்தில் வைத்து மதிக்க வேண்டும் ஆகிய மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

உறங்குபவனிடம் உள்ள ஏதோ ஒன்று சில வேளைகளில் 'தோன்றுவது கனவே' என்று அறிவிப்பதுண்டு என்பதை அரிஸ்டாட்டில் தம் கனவுகள் பற்றிய சிறுநூலில் குறித்துள்ளார். பிரான்சு நாட்டு அறிஞர் ஹெர்வே த சேன் தெனி, தம் கனவுகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, அவற்றை வழிநடத்தும் முறைகளைப் பற்றி 1867இல் நூல் வெளியிட்டார். நெதர்லாந்து எழுத்தாளரும் மருத்துவருமான ஃபிரெடரிக் வான் ஏடன் 1913இல் வெளியிட்ட கட்டுரையின் வாயிலாகவே 'லூசிட் டிரீம்' என்னும் பெயர் நிலைபெற்றது. அதனை நாம் தெளிகனவு எனலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். காண்பது கனவென்று அறிவது ஒன்று. அக்கனவைத் தன் விருப்பப்படி நடத்துவது வேறொன்று. முதலாவது இருந்தாலே அது தெளிகனவுதான். இரண்டாவது சிலருக்குச் சில நேரங்களில் ஓரளவு மட்டுமே வாய்க்கும். பழகத் தொடங்குவோர் பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதி, வானில் பறப்பதையே குறியாகக் கொண்டு ஏமாற்றமடைகின்றனர்.

இவ்வனுபவம் மிக அரிதானதும் அன்று. ஐம்பது ஆண்டுக் கால ஆய்வுகளை ஒருங்கே திரட்டி 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தெளிகனவு கண்டுள்ளனர். மாதத்திற்கு ஒருமுறையோ அதற்கு மேலோ காண்போர் 23 விழுக்காட்டினர்.

ஆய்வுக்கூடத்தின் சான்று

உறங்குபவன் தான் கனவு காண்பதை அறிவான் என்ற கூற்றை அறிவியலாளர் நெடுங்காலம் ஏற்கவில்லை. இடையில் சில நொடிகள் விழித்ததையே கனவென்று மயங்கிக் கூறுகிறார்கள் என்பது அவர்கள் கருத்து. அதனை மாற்றியது விழிகளின் அசைவு.

உறக்கம் ஒரே சீரானதன்று. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது ஒரு சுற்றை முடிக்கிறது. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும், மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு கட்டம் வருகிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும் இதனை விளக்கி எழுதினர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இவ்விழியசைவு உறக்கத்திலேயே நிகழ்கின்றன. அப்போது கைகால் தசைகள் செயலிழந்திருக்கும். இல்லையேல் கனவில் ஓடுபவன் கட்டிலினின்றும் எழுந்து ஓடுவான். ஆனால் விழிகளுக்கு அத்தடை இல்லை.

இந்த வாயிலைப் பயன்படுத்தி, 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஓர் ஆய்வை நிகழ்த்தினார். கனவென்று அறிந்தவுடன் விழிகளை இடமும் வலமுமாகக் குறித்த முறையில் அசைக்குமாறு ஆலன் வொர்ஸ்லி என்பவருடன் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டார். வொர்ஸ்லி உறங்கிக்கொண்டிருக்கையிலேயே அக்குறிப்பு கருவியில் பதிவாயிற்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் இவ்வாய்வைத் தனியே மேற்கொண்டு, 1980இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நிறுவினார். 2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்குழுக்கள் 36 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. உறங்குபவரிடம் எட்டிலிருந்து ஆறு போக எவ்வளவு என்று கேட்கப்பட்டது. அவர் உறக்கத்தினின்றும் நீங்காமலேயே விழிகளை இருமுறை அசைத்து விடை சொன்னார். எனினும், கேட்கப்பட்ட கேள்விகளில் சரியான விடை கிடைத்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவே.

இப்னு கல்தூன் காட்டும் வரம்பு

விரும்பிக் கனவு காணும் முயற்சி முஸ்லிம் உலகிற்குப் புதியதன்று. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) 1377இல் எழுதி முடித்த 'முகத்திமா'வில் தம் சொந்த அனுபவமாகவே இதனைப் பதிந்துள்ளார். உறங்குமுன் சில சொற்களை உச்சரித்து, அறிய விரும்புவதை மனத்தில் இருத்திப் படுத்தால், அது கனவில் புலப்படும் என்று 'காயத்துல் ஹகீம்' என்னும் மாந்திரீக நூல் கூறுகிறது. அச்சொற்களைக் கொண்டு தாமும் வியத்தகு கனவுகளைக் கண்டதாகவும், தம்மைப் பற்றி அறிய விரும்பிய சிலவற்றை அவற்றின் வழியே அறிந்ததாகவும் இப்னு கல்தூன் எழுதுகிறார்.

மாந்திரீக நூலின் சொற்களை நாடுவது ஒரு முஸ்லிமுக்கு உகந்ததன்று. சிஹ்ரும் தாயத்துக் கலையும் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை என்பதை அதே நூலில் இப்னு கல்தூனே விரிவாக எழுதியுள்ளார். நாம் கவனிக்க வேண்டியது, தம் அனுபவத்திலிருந்து அவர் எடுத்த முடிவை. கனவை நாடுவதால் கனவு உண்டாகிவிடும் என்பதற்கு இது சான்றாகாது என்கிறார். நாட்டம் உள்ளத்தில் ஓர் ஆயத்தத்தை மட்டுமே ஏற்படுத்துகிறது. ஆயத்தம் வலுவாயின் நாடியது கிட்டும் வாய்ப்பு மிகலாம். ஆயினும், ஒன்றிற்கு ஆயத்தமாகும் ஆற்றல் வேறு, அவ்வொன்றின் மீதே உள்ள ஆற்றல் வேறு என்று அவர் வரம்பிடுகிறார்.

இன்றைய உறக்க ஆய்வுகள் தரும் எண்களும் இதே வரம்பைச் சுட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்ஹோம் ஆஸ்பி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பின்வரும் பகுதியில் சொல்லப்படும் முறைகளை இணைத்து ஒரு வாரம் பயின்றோருக்கு, முயன்ற இரவுகளில் 17 விழுக்காட்டில் மட்டுமே தெளிகனவு வாய்த்தது. செம்மையாகப் பயின்றும் ஆறு இரவுகளில் ஐந்து வெறுமையாகவே கழிந்தன எனலாம். ஆயத்தம் அடியானுடையது, விளைவு அவனுடையதன்று.

தொடக்கநிலையினர் செய்யத்தக்கவை

முதற்படி நினைவு. கனவுகளை மறந்துவிடுபவருக்குத் தெளிகனவு வாய்த்தாலும் அது அவருக்கு இல்லாததே. ஆகவே தலைமாட்டில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருக்கட்டும். விழித்தவுடன், விழிக்கச் செய்த இறைவனுக்கு நன்றி கூறி, உடலை அதிகம் அசைக்காமல் கண்டதை நினைவுகூர்ந்து எழுத வேண்டும். ஒரு காட்சியோ ஓர் உணர்ச்சியோ மட்டும் எஞ்சியிருப்பினும் அதனையும் எழுதலாம். இரண்டு மூன்று வாரங்களில் திரும்பத் திரும்ப வருபவை புலப்படும்: என்றோ விட்டுவந்த பள்ளிக்கூடம், தவறவிட்ட இரயில், இறந்துபோன உறவினர். இவையே அவருடைய கனவின் அடையாளங்கள்.

இரண்டாம் படி பகலில் கேட்கும் கேள்வி. ஒரு நாளில் பல முறை, குறிப்பாக வியப்பூட்டும் ஏதேனும் நிகழும்போது, 'நான் இப்போது காண்பது கனவா?' என்று மெய்யாகவே ஐயுற்றுச் சோதிக்க வேண்டும். எழுத்தை ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி மீண்டும் படிப்பது ஒரு சோதனை. கனவில் எழுத்துகள் பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுக்க முயல்வது மற்றொன்று. கனவில் மூச்சு தடையின்றிச் செல்லும். வெறும் சடங்காகச் செய்தால் கனவிலும் அது சடங்காகவே வரும். பொய்யான விடையையே தரும். தன் நிலையைத் தானே நின்று வினவும் இப்பழக்கம், முஹாஸபா எனப்படும் தற்கணக்காய்வை அறிந்தோருக்கு அயலானதன்று. ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்) அவர்களுக்கு (கி.பி. 857இல் மறைவு) அப்பெயரே அதனால் அமைந்தது.

மூன்றாம் படி நாட்டம். அண்மையில் கண்ட ஒரு கனவை நினைவில் மீட்டு, அதில் கனவின் அடையாளம் தோன்றும் இடத்தில் 'இது கனவு' என்று தாம் உணர்ந்துகொள்வதாக எண்ணிப் பார்த்து, 'அடுத்த முறை கனவு காணும்போது அது கனவென்பதை நினைவிற் கொள்வேன்' என்ற உறுதியுடன் உறங்குவது. லபெர்ஜ் வகுத்த இம்முறை மந்திரச் சொல் எதனையும் நாடுவதன்று. செய்ய வேண்டியதை மறவாதிருக்கும் இயல்பான ஆற்றலைப் பயிற்றுவதே.

நான்காம் படி நேரம். விழியசைவு உறக்கம் இரவின் முற்பகுதியில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மேற்கூறிய நாட்டத்துடன் மீண்டும் படுப்பது பயனளிக்கிறது. இங்கு தாவூத் (அலை) அவர்களின் இரவுத் தொழுகை நினைவுக்கு வருகிறது. அவர்கள் இரவில் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பகுதி நின்று வணங்கி, எஞ்சிய ஆறில் ஒரு பகுதி மீண்டும் உறங்குவார்கள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ஒன்பது மணி நேர இரவாயின், நான்கரை மணி நேர உறக்கம், மூன்று மணி நேர வணக்கம், ஒன்றரை மணி நேர உறக்கம் என்றாகும். தஹஜ்ஜுதுக்கு எழுபவர் இக்கட்டத்தை இயல்பாகவே கடந்து செல்கிறார். எனினும் தெளிகனவு காண்பதற்காகத் தஹஜ்ஜுதைக் கருவியாக்குவது தலைகீழான செயல். வணக்கம் இறைவனுக்குரியது, அதன் பின் வரும் உறக்கத்தில் என்ன வாய்க்கிறதோ அது தனி.

ஐந்தாம் படி அமைதி. முதன்முறையாகக் கனவென்று உணரும் கணத்தில் உண்டாகும் மகிழ்ச்சிப் பரபரப்பே பலரை விழிக்கச் செய்துவிடுகிறது. அப்போது எதையும் மாற்ற முயலாமல், கனவிலுள்ள கைகளை ஒன்றோடொன்று தேய்த்தும், அருகிலுள்ள பொருளைத் தொட்டும் அக்காட்சியில் நிலைகொள்ள வேண்டும். முதற்சில தெளிகனவுகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடினும் குறையில்லை.

எச்சரிக்கை

உறக்கத்தைப் பலியிட்டுக் கனவைத் தேடலாகாது. நள்ளிரவில் எழும் முறையை வாரத்தில் ஓரிரு நாட்களுக்கு மேல் கைக்கொள்ளாதிருப்பது நலம். மெய்யையும் தோற்றத்தையும் பிரித்தறிவதில் இடர்ப்படும் மனநோய் உடையோர், மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் இப்பயிற்சியில் இறங்கவே கூடாது. தெளிகனவைத் தூண்டும் என விற்கப்படும் மருந்துகளையும் தாமே வாங்கி உண்ணலாகாது.

உறக்கமும் விழிப்பும் மாறும் வேளையில், அறிவு விழித்தும் உடல் அசையாமல், மார்பின் மீது ஏதோ அழுத்துவது போன்ற அச்சம் சிலருக்கு ஏற்படும். நம் ஊர்களில் 'அமுக்குவான்' என அஞ்சப்படுவது இதுவே. இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' மருத்துவப் பெருநூலில் இதனைக் 'காபூஸ்' என்ற பெயரில் நோய்களின் வரிசையிலேயே வைத்து ஆராய்ந்தார். விழியசைவு உறக்கத்தின் தசைத்தளர்ச்சி சில கணங்கள் கூடுதலாக நீடிப்பதே இதன் காரணம். சிறிது நேரத்தில் தானே அகலும்.

கனவின் தகுதி

இங்கேதான் முதன்மையான வினா எழுகிறது. பயின்று வரவழைத்த கனவுக்கு மார்க்கத்தில் என்ன தகுதி?

கனவுகள் மூவகை என்று நபிமொழி பகுக்கிறது: இறைவனிடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தான் உண்டாக்கும் துயரம், மனிதன் தன்னுள் தானே பேசிக்கொள்வது. பகல் முழுதும் எண்ணி, இரவில் உறுதி பூண்டு, தானே பங்கேற்று நடத்தும் கனவு மூன்றாம் வகையைச் சாரும் என்றே கொள்ளத் தோன்றுகிறது. நல்ல கனவு நுபுவ்வத்தின் நாற்பத்தாறு பங்குகளில் ஒன்று என்ற சிறப்பை இதற்கு ஏற்றிக் கூறுவது பொருந்தாது. யூசுஃப் (அலை) அவர்கள் கண்ட கனவு அவர்கள் பயின்று பெற்றதன்று, அருளப்பட்டது.

நாயகம் (ஸல்) அவர்களைக் கனவில் காணும் ஆவல் எந்த முஃமினின் உள்ளத்தில்தான் இல்லை? ஆதலால் தெளிகனவு பயில்வோருக்கு இம்முயற்சி தோன்றுவது இயல்பே. ஆனால் தான் கட்டியெழுப்பிய உருவத்திற்குத் தானே அப்பெயரைச் சூட்டுவது அஞ்சத்தக்க துணிவு. கனவில் நபியைக் கண்டதாக எவரேனும் வந்து கூறினால், கண்ட உருவத்தை விவரிக்குமாறு இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் கேட்பார்கள்; வருணனை பொருந்தாவிடில் நீர் அவர்களைக் காணவில்லை என்று சொல்லிவிடுவார்கள். காணாத கனவைக் கண்டதாகக் கூறுபவர், மறுமையில் இரு வாற்கோதுமை மணிகளை முடிச்சிடுமாறு ஏவப்படுவார், அவரால் அது இயலாது என்ற நபிமொழி எச்சரிக்கையையும் எண்ண வேண்டும்.

கனவு சட்டமாகாது என்பதும் அறிஞர்களின் தெளிவான நிலைப்பாடு. இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்று சொல்லப்படுகிறது. ஒருவர் கனவில் நபிகளாரைக் கண்டார். குறிப்பிட்ட இடத்தில் புதையல் உண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கைச் செலுத்தத் தேவையில்லை என்று சொல்லக் கேட்டார். தோண்டியபோது புதையலும் கிடைத்தது. ஆயினும் ஐந்தில் ஒன்றைச் செலுத்தியே ஆக வேண்டும் என இமாம் தீர்ப்பளித்தார்கள்; அக்கடமையை அறிவிக்கும் ஹதீஸ், இக்கனவைவிட உறுதியான வழியில் வந்தது என்பது அவர்கள் கூறிய காரணம். புதையல் மெய்யாகக் கிடைத்த கனவுக்கே இந்நிலையெனில், பயிற்சியால் அமைத்துக்கொண்ட கனவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நிய்யத்தின் பொறுப்பு

உறங்குபவன் விழிக்கும் வரை அவனைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. தெளிகனவு காண்பவனும் உறங்குபவனே. அவ்வாறாயின், கனவென்று அறிந்தே ஒருவன் அங்கு தீயதை நாடினால்? இதில் தீர்ப்புக் கூறுவது உலமாக்களின் பணி. எனினும் ஒன்று மட்டும் தெளிவு. உறக்கத்தில் எழுதுகோல் உயர்ந்திருப்பினும், உறங்குமுன் அது உயர்த்தப்படவில்லை. 'இன்றிரவு கனவில் இதனைச் செய்வேன்' என்று ஒருவன் பகலில் பூணும் உறுதி விழிப்பின் செயல். அது நிய்யத்தின் கணக்கில் வரும். விலக்கப்பட்ட இன்பங்களுக்குத் தடையற்ற களமாகத் தெளிகனவை நாடுவோர் இதனை மறக்கின்றனர்.

நல்ல பயன்களும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவால் உறங்கவே அஞ்சுவோர், அக்கனவினுள்ளேயே அது கனவென்று அறியப் பழகுவதால் அச்சம் தணியப்பெறுகின்றனர். மனநல மருத்துவத்தில் இம்முறை ஆராயப்பட்டு வருகிறது. கெட்ட கனவு கண்டவர் இறைவனிடம் காவல் தேடி, இடப்புறம் மும்முறை இலேசாக உமிழ்ந்து, மறுபுறம் திரும்பிப் படுத்து, அதைப் பிறரிடம் கூறாதிருக்குமாறு நபிவழி கற்பிப்பதும் அச்சத்தின் பிடியை அறுப்பதற்கே.

ஆகவே ஒரு தொடக்கநிலையாளர் ஒளுச் செய்து, வலப்பக்கம் சாய்ந்து, ஓத வேண்டியவற்றை ஓதி, உயிரை அதன் உரிமையாளனிடம் ஒப்படைத்து உறங்கட்டும். தெளிகனவு வாய்த்தால் அதனை ஓர் அனுபவமாக ஏற்கட்டும். வெளிப்பாடாகக் கருத வேண்டாம். வாய்க்காவிடில் நல்ல உறக்கம் வாய்த்ததற்கு நன்றி கூறட்டும்.

கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வினா இதனால் தீர்ந்துவிடவில்லை. மாறாக, அது இன்னும் நெருங்கி வருகிறது. கனவில் எவ்வித ஐயமுமின்றி நடமாடிக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு கணம் நின்று 'இது நிலையானதன்று' என்று உணர்கிறான். காட்சி மாறவில்லை, அவன் அதனோடு கொண்ட உறவு மாறிவிடுகிறது. சற்றுமுன் அவனை விரட்டிய அச்சம் வலுவிழக்கிறது. கையிலிருந்த பொற்குவியல் கனமிழக்கிறது. விழித்தெழுந்து தொழுகைக்கு நிற்கும்போது, இவ்வுலகைப் பற்றியும் அதே வினாவை எழுப்பிக்கொள்ள அவனுக்கு அக்கணம் நினைவிலிருந்தால், பயின்றது வீணாகவில்லை.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.